கௌரவமும் குடியுரிமையும்: கும்மிடிப்பூண்டி முகாம்

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவில் ஒரு சலுகை உண்டு. அறிவியல், கலை, இலக்கியம், உலக அமைதி போன்றவற்றில் சிறந்த தொண்டாற்றியவர் என மத்திய அரசு கருதினால், இத்தனை ஆண்டு இங்கே வசித்திருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளை அவருக்குத் தளர்த்தலாம். பாகிஸ்தானியரான பாடகர் அத்னான் சாமி இந்தப் பிரிவின் வழியாகவே 2016 ஜனவரி 1 அன்று இந்தியரானார். 2020இல் பத்மஸ்ரீயும் பெற்றார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விருதுக்குக் குடியுரிமைகூடத் தேவையில்லை. கான் அப்துல் கஃபார் கானுக்கு 1987இலும் நெல்சன் மண்டேலாவுக்கு 1990இலும் பாரத ரத்னா வழங்கினோம். விருது என்பது அரசு மனமுவந்து தருவது. குடியுரிமையையும் அப்படி ஒரு கொடையாகவே கருதுவதுதான் தவறு.

அந்தத் தவறின் விலையைச் சிப்காட் ஆலைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டியின் இலங்கைத் தமிழர் முகாமில் காணலாம். போருக்குத் தப்பிப் படகேறியவர்கள் விசா வாங்கிக்கொண்டு வரவில்லை. அதனால் 2003 திருத்தத்துக்குப் பிறகு அவர்கள் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’. ஆறாம் பிரிவின்படி விண்ணப்பிக்கவே வழியில்லை. 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். முகாமிலேயே பிறந்து வளர்ந்து, வேறு நாட்டைக் கண்ணால் பார்த்திராதவர்களும் இப்படித்தான் அயலார் ஆனார்கள். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், சட்டம் தெளிவாகத் தந்த உரிமைக்கே உயர் நீதிமன்றம் வரை போய், 2022இல்தான் பாஸ்போர்ட் பெற முடிந்தது.

ஒருவருக்குத் தரலாம், கூட்டத்துக்கே எப்படித் தருவது என்பார்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 மலையகத் தமிழரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டதே! பாதுகாப்பு பற்றிய அச்சம் இன்னும் கனமானது. 1991 ராஜீவ் காந்தி படுகொலையை யாரும் மறக்கவில்லை. ஆனால் வருகைப் பதிவும் காவல்துறையின் கியூ பிரிவுக் கண்காணிப்புமாகப் பல்லாண்டு வாழ்ந்த இவர்களைவிட அரசு நன்கறிந்த விண்ணப்பதாரர் யார்? இலங்கை திரும்ப விரும்புவோரின் உரிமை கெடும் என்ற வாதத்துக்கும் விடை எளிது: விருப்பமுள்ளவர் மட்டும் விண்ணப்பிக்கட்டும்.

வழியும் புதிதன்று. பாகிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு 2015இல் முதலில் விசா விதியிலிருந்து விலக்கு அளித்தார்கள். 2019இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழருக்கு முதற்படியான விலக்கு 2025 செப்டம்பரில் கிடைத்துவிட்டது. இரண்டாம் படியை நாடாளுமன்றம்தான் எடுத்துவைக்க வேண்டும்.