14 கி.மீ-க்கு அரை நாளா? கொலராடோ மலைப்பாதையில் ஜீப் ஓட்டும் கலை!

"வெறும் 14 கிலோமீட்டர்தானே, அரை மணி நேரத்துல போயிடலாம்!" - இப்படி நினைத்தால் அங்கேயே தப்பு ஆரம்பிக்குது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், யூரே என்ற சின்ன மலை ஊரிலிருந்து யாங்கி பாய் பேசின் பள்ளத்தாக்குக்குப் போகும் பாதை அது. போய்வர அரை நாள் ஒதுக்கிடுங்க.

பாதை எப்படி?

முதல் பகுதி சரளைக்கல் ரோடு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். ஓரிடத்தில் பாறையே கூரை மாதிரி ரோட்டுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். 1896-ல் தாமஸ் வால்ஷ் தங்கம் கண்டுபிடித்த கேம்ப் பேர்ட் சுரங்கம் இந்த வழியில்தான். அதைத் தாண்டினால் பாதை கரடுமுரடாகிவிடும். உயரமான, ஃபோர் வீல் டிரைவ் வண்டி இல்லாமல் மேலே போகாதீங்க. சுமார் 3,500 மீட்டருக்கு மேல் ஊசியிலைக் காடு முடிந்து, ஜூலை கடைசியில் புல்வெளி முழுக்கக் காட்டுப்பூக்கள்!

ஏறும்போது...

* டயர் காற்றை 35-லிருந்து 25 பி.எஸ்.ஐ அளவுக்குக் குறைத்தால் பிடிமானம் கூடும். திரும்பியதும் மறுபடி நிரப்பணும்.
* கல்லைக் கண்டால் வேகம் வேண்டாம். 'லோ ரேஞ்ச்' போட்டு, டயரைக் கல் மேலேயே மெதுவாக ஏற்றுங்க. நடுவில் விட்டால் வண்டியின் அடிப்பகுதி அடிபடும்.
* காற்று மெலிந்திருப்பதால் இன்ஜின் சக்தி குறையும். உங்களுக்கும் மூச்சு வாங்கும், தலை வலிக்கும்.

இறங்கும்போதுதான் டெஸ்ட்!

பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடாகி, அவசரத்துக்குப் பிடிக்காமல் போகலாம். முதல் கியரில் விட்டால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். எதிரே வண்டி ஏறி வந்தால், இறங்குபவர்தான் வழிவிடணும். அதனால், ஏறும்போதே அகலமான இடங்களைப் பார்த்து வெச்சுக்கோங்க.

இதையும் கவனிங்க

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் சகஜம். மரமே இல்லாத இடத்தில் ஒதுங்க வழியில்லை. காலையிலேயே ஏறி, மதியத்துக்குள் இறங்கிடுங்க. போட்டோவுக்காகப் புல்வெளியில் வண்டியை இறக்காதீங்க. அந்தக் குளிரில் ஒரு டயர் தடம் மறையவே பல வருடங்கள் ஆகும்.

பாதை பயமுறுத்தினால், அகலமான இடத்தில் வண்டியைத் திருப்பிடுங்க. மலை எங்கேயும் போயிடாது, அடுத்த வருஷமும் அங்கேதான் இருக்கும்!