பாலகாட்டுக்கு எப்போது விடுதலை? கோலார் தங்கவயலில் சுதந்திரத்தின் பொருளும் அதன் கொண்டாட்டமும்

1. ஆய்வின் களம்

கோலார் தங்கவயலின் சுரங்கங்களை வடக்கிலிருந்து தெற்காக எண்ணினால் முதலில் வருவது பாலகாட். அதையடுத்து நந்திதுர்க், ஊரிகாம், சாம்பியன் ரீஃப், மைசூர் மைன்ஸ் என்று ஒரே தங்க ரேகையின் மேல் ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. ஊர்ப்பெயர்களில் பல கம்பெனிகளின் பெயர்களே. நிலம், வீடு, தண்ணீர், மருத்துவமனை எல்லாம் கம்பெனியின் கையில் இருந்த இடத்தில் ஊருக்கும் கம்பெனிக்கும் தனித்தனிப் பெயர் தேவைப்படவில்லை.

இப்படிப்பட்ட ஓர் ஊரில் சுதந்திரம் என்பதற்கு என்ன பொருள்? அதை மக்கள் ஏன் கொண்டாடுகிறார்கள்? ஆகஸ்ட் 15ஐ மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது என்பது இக்கட்டுரையின் வாதம். தங்கவயல் தமிழருக்கு விடுதலை ஒரே நாளில் வரவில்லை. உடலுக்கு ஒரு காலத்தில், சொல்லுக்கு வேறொரு காலத்தில், கூடிநிற்கும் உரிமைக்கு இன்னொரு காலத்தில் எனத் தவணை தவணையாக வந்தது. சில தவணைகள் இன்னும் பாக்கி. கொண்டாட்டத்தின் பொருளையும் இந்தக் கணக்கை வைத்தே புரிந்துகொள்ள வேண்டும்.

2. ஊரை விட்டு வந்ததே முதல் விடுதலை

1870களில் மைக்கேல் லாவெல் என்ற முன்னாள் சிப்பாய் மைசூர் அரசிடம் அனுமதி பெற்று இங்கே தங்கம் தேடினார். 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் நிர்வாகத்துக்குள் வந்த பிறகுதான் சுரங்கங்கள் ஆழமாகத் தொடங்கின. உழைக்க வந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள். அவர்களிலும் மிகப் பலர் சேரியில் ஒதுக்கி வைக்கப்பட்ட சமூகத்தார்.

அவர்கள் எதை விட்டு வந்தார்கள் என்பதைக் கேட்காமல் இந்த வரலாற்றை எழுதக் கூடாது. ஊரில் பண்ணையாரின் கடனுக்கு அப்பனும் மகனும் பேரனும் படியாளாக உழைத்தார்கள். கூலி தானியமாக வரும், அல்லது வராமலே போகும். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது. தங்கவயலில் கூலி கையில் காசாக விழுந்தது. கேஜில் இறங்கும்போது யாரும் தீட்டுப் பார்க்க முடியாது. இரும்புக் கூண்டுக்குள் தோளோடு தோள் நெருக்கி நின்றால்தான் கீழே போகவே முடியும். பல ஆயிரம் அடி ஆழத்துக்கு இறங்குவது ஒருவருக்கு விடுதலையாகத் தெரிந்திருந்தால், மேலே அவர் விட்டு வந்த வாழ்க்கை எப்படிப்பட்டதாக இருந்திருக்கும்!

ஆனாலும் இது பாதி விடுதலைதான். ஆள் சேர்த்துவந்த கான்ட்ராக்டர் கூலியில் கைவைத்தார். தங்குவதற்குக் கிடைத்தது மூங்கில் தட்டி வீடு. சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் 1902இல் தங்கவயலை எட்டியது. பெங்களூருக்கு 1905இல்தான் கிடைத்தது. நாட்டுக்கே பெருமையாகச் சொல்லப்படும் அந்த மின்சாரம் முதலில் சென்றது சுரங்க இயந்திரங்களுக்கும் வெள்ளைக்காரர் பங்களாக்களுக்கும்தான். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தால் உடம்பைச் சோதனை போட்டுத்தான் வெளியே விட்டார்கள். தங்கத்தை வெட்டி எடுத்துக் கொடுத்தவனே தங்கத் திருடனாகச் சந்தேகிக்கப்பட்டான். தினமும் ஆடையைத் தட்டிக் காட்டிவிட்டு வீடு திரும்பும் மனிதனுக்கு விடுதலை என்ற கருத்தை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

3. சொல்லின் விடுதலை

அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூனில் சென்னை இராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ பின்னர் ‘தமிழன்’ ஆனது. அதற்கு மிக உறுதியாகத் தோள் கொடுத்த இடங்களில் ஒன்று தங்கவயல். தங்கவயலின் மாரிகுப்பத்தில் அவருடைய சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளை இயங்கியது. சாம்பியன் ரீஃபில் சித்தார்த்தா புத்தகசாலை நூல்களை அச்சிட்டது. 1914இல் அயோத்திதாசர் மறைந்தார். 1926இல் ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிக்கொணர்ந்தார். சுரங்கத்தில் இறங்குபவர்களின் காசில் ஒரு சிந்தனை இதழ் வந்தது என்பதைத் தமிழ் இதழியல் வரலாறு இன்னும் உரிய இடத்தில் வைத்துப் பேசவில்லை என்பது என் வருத்தம்.

சுதேசி இயக்கம் சூடாக இருந்த நாட்களிலேயே அயோத்திதாசர் கேட்ட கேள்வி இந்த ஆய்வுக்கு மையமானது. சாதியை வைத்துக்கொண்டு சுயராஜ்யம் கேட்டால், வரப்போகும் ஆட்சி யாருடைய ஆட்சி? இதை வெள்ளையருக்கு வால்பிடிப்பதாகப் பார்த்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அந்தப் பார்வை அவசரமானது. அவர் விடுதலையை மறுத்தவரல்லர். அதன் அளவைப் பெரிதாக்கிக் கேட்டவர். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், அரசியலில் சமத்துவத்தோடும் சமூக, பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மையோடும் ஒரு முரண்பாட்டுக்குள் நுழைகிறோம் என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கைக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அதன் சாரம் மாரிகுப்பத்தில் வாசித்து விவாதிக்கப்பட்டது.

4. கைரேகை: 1930

இந்தப் பகுதியில் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. தங்கவயல் மக்கள் சுதந்திரத்தை எப்படி உணர்ந்தார்கள் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரியாது.

1930 ஏப்ரல். குஜராத்தில் தண்டி, தமிழகத்தில் வேதாரண்யம் என்று நாடு உப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அதே வேளையில் தங்கவயலில் சுமார் மூன்று வாரம் சங்கு ஊதியும் ஆட்கள் இறங்கவில்லை. கம்பெனிகள் தொழிலாளர்களைப் பதிவு செய்து கைரேகை எடுக்கும் ஏற்பாட்டைக் கொண்டு வந்திருந்தன. வேலையை விட்டு நின்றவர், நீக்கப்பட்டவர், தகராறு செய்தவர் யாரும் வேறு பெயரில் பக்கத்துச் சுரங்கத்தில் சேர்ந்துவிடக் கூடாது என்பதே நோக்கம். தொழிலாளர்கள் ரேகை கொடுக்க மறுத்தார்கள். அன்று அவர்களுக்கென்று முறையான சங்கம்கூடக் கிடையாது.

கூலி உயர்வுக்காகப் போராடுவது எல்லோருக்கும் புரியும். விரல் நுனிக்காக ஏன் இத்தனை பேர் பட்டினி கிடந்தார்கள்? காரணம் இரண்டு அடுக்காக இருந்தது. ரேகை அன்று போலீஸின் கருவி. கல்கத்தாவில் 1897இல் கைரேகை அலுவலகம் தொடங்கியது குற்றவாளிகளை அடையாளம் காணத்தான். குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டபோது முழுச் சமூகங்களிடமிருந்தே ரேகை எடுக்க வழி திறந்தது. அடுத்த அடுக்கு வாழ்வாதாரம். ஒரு சுரங்கத்தில் மேஸ்திரி கொடுமை தாங்கவில்லையென்றால் இன்னொன்றுக்குப் போகலாம் என்ற ஒரே வாசல்தான் தொழிலாளியிடம் இருந்தது. பெயர் மாற்றலாம், ஊர் மாற்றிச் சொல்லலாம். விரலை மாற்ற முடியாது. ஆக, கைரேகை அந்த வாசலை அடைத்தது. வேலையை விட்டு விலகும் உரிமை இல்லாத உழைப்புக்குக் கூலி எவ்வளவு கொடுத்தாலும் அது அடிமை உழைப்பின் பக்கத்தில்தான் நிற்கும். எழுத்தறியாதவர் எனச் சொல்லப்பட்ட மக்கள் இதைத் தெளிவாகக் கண்டுகொண்டார்கள்.

இதற்கு முன்னோடியும் ஒரு தங்க நகரமே. 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியர்கள் கூடி, பத்து விரல் ரேகையோடு பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற டிரான்ஸ்வால் அவசரச் சட்டத்துக்குப் பணிவதில்லை என உறுதியெடுத்தார்கள். காந்தியின் சத்தியாகிரகம் அங்கே பிறந்தது. அதில் கடைசிவரை தளராமல் நின்றவர்கள் தமிழர்கள் என்று காந்தியே பாராட்டினார். நாகப்பன் என்ற இளைஞர் 1909இல் சிறைவாசத்தின் கொடுமையால் உயிர்விட்டார். ஜோகன்னஸ்பர்க் செய்தி தங்கவயலை எட்டி அங்கே போராட்டத்தைத் தூண்டியது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே அவமானத்துக்கு இரு கண்டங்களில் ஒரே மறுப்பு எழுந்தது. அந்த அளவில் இது மனித இயல்பைப் பற்றிய சான்று.

5. 1947: எது மாறியது, எது மாறவில்லை

தங்கவயல் பிரிட்டிஷ் இந்தியாவில் இல்லை, மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1946இலேயே பொதுவுடைமைக் கட்சியினர் தலைமையில் சங்கம் வலுப்பெற்றிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் பலியானார்கள். சுதந்திரத்துக்கு ஒன்பதே மாதம் இருந்தது.

1947 ஆகஸ்டில் மகாராஜா ஜயசாமராஜேந்திர உடையார் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தார். ஆனால் மக்களாட்சி உடனே வரவில்லை. அதற்காகச் செப்டம்பரில் ‘மைசூர் சலோ’ கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது. அக்டோபர் இறுதியில்தான் கே.சி. ரெட்டி முதலமைச்சரானார். அவர் பிறந்த க்யாசம்பள்ளி, தங்கவயலுக்கு அருகிலுள்ள கிராமம்.

சுரங்கத்தின் நிலை என்ன? கொடி மாறியது, கம்பெனி மாறவில்லை. ஜான் டெய்லர் நிர்வாகம் 1956 வரை நீடித்தது. அவ்வாண்டு மைசூர் அரசும் 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் உருவானது. அரசியல் விடுதலைக்கும் சுரங்கத்தின் விடுதலைக்கும் நடுவே ஒன்பது ஆண்டு இடைவெளி.

அப்படியானால் ஆகஸ்ட் 15 இங்கே வெறும் சடங்கா? அப்படிச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. அந்த நாளுக்குப் பிறகே வாக்குரிமை வந்தது. அந்த வாக்கைக் கொண்டு தங்கவயல் மக்கள் பொதுவுடைமையாளரையும் குடியரசுக் கட்சியினரையும் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். கம்பெனி மண்ணில் கம்பெனியைக் கேட்காமல் கூட்டம் போட முடிந்ததும் அந்த விடுதலையின் பயனே.

6. கழிவறை வாளி: தாமதமாக வந்த தவணை

சுரங்கங்கள் அரசுடைமையான பிறகும் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லைன்களில் உலர் கழிப்பறைகள் இருந்தன. அவற்றை மனிதர்கள் கையால் அள்ளினார்கள். பெஜவாடா வில்சன் 1966இல் தங்கவயலில், அந்த வேலையையே செய்துவந்த தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். ஒருமுறை கழிவுக் குழியில் வாளி விழுந்துவிட, தொழிலாளி ஒருவர் அதற்குள் கையை விட்டு எடுத்ததைக் கண்டு தாங்க முடியாமல் அழுததை அவரே பலமுறை கூறியிருக்கிறார். 1990களின் தொடக்கத்தில் நிர்வாகத்துக்கு மனுக்கள் எழுதினார். படங்களை வெளியுலகுக்குக் கொண்டு சென்றார். அதன் பின்னரே கழிப்பறைகள் மாற்றப்பட்டன. 1993இல் தடைச் சட்டம் வந்தது. அவர் இணைந்து உருவாக்கிய சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் நாடெங்கும் இந்த வேலையை ஒழிக்கப் போராடிவருகிறது. 2016இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

சுதந்திரம் அடைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அரசு நிறுவனத்துக்குள்ளேயே இது நீடித்தது. அந்நியன் போனால் விடுதலை முழுமையாகிவிடும் என்ற நம்பிக்கையைச் சோதிக்க இந்த ஒரு வாளி போதும்.

7. கொண்டாட்டம் ஏன்?

இத்தனை குறை இருந்தும் மக்கள் ஏன் கொண்டாடுகிறார்கள்? தங்கவயலின் நாட்காட்டியே விடை தருகிறது. ஆகஸ்ட் 15 உண்டு, ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள் உண்டு, மே தினமும் புத்த பூர்ணிமையும் உண்டு. விடுதலையின் ஒவ்வொரு தவணைக்கும் ஒவ்வொரு நாள். ஆகஸ்ட் 15 பள்ளிக்கூடத்து நாள், மிட்டாயும் கொடியேற்றமும். ஏப்ரல் 14 தெருவின் நாள், தோரணமும் ஊர்வலமும். எந்த நாளில் எவ்வளவு உரிமையோடு மக்கள் தெருவை நிறைக்கிறார்கள் என்று பார்த்தாலே, எந்த விடுதலை அவர்கள் உடம்பைத் தொட்டது என்பது புரிந்துவிடும்.

கூடுவதே தடைசெய்யப்பட்டிருந்த இடத்தில் கூடிக் களிப்பது பொழுதுபோக்கு ஆகாது. அது உரிமையைப் பயன்படுத்திப் பார்ப்பது. நடைபாதையில் ஆள் நடந்துகொண்டே இருந்தால்தான் அது வழி என்று நிலைக்கும், விட்டால் முள் மண்டிவிடும், உரிமையும் அப்படித்தான். பெற்றதை ஊரறியச் சொல்வதும், பெறாததை அதே மேடையில் கேட்பதும் கொண்டாட்டத்தின் இரு வேலைகள். கேட்பதை விட்டுவிட்டு மிட்டாயோடு முடியும் விழா பாதி விழா.

8. பாக்கி

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் கொடுத்த மண்ணின் மக்கள் இப்போது அதிகாலை ரயிலில் பெங்களூருக்குக் கூலி வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போய் இரவில் திரும்புகிறார்கள். வேலையை விடும் உரிமைக்காக 1930இல் போராடிய ஊருக்கு இன்று விடுவதற்கே வேலை இல்லை. காற்றடித்தால், தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டப்பட்ட சயனைடு கழிவு மேடுகளின் தூசி வீட்டுக்குள் வருகிறது. தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு அரசியலமைப்பின் 350அ பிரிவு வழி சொன்னாலும், தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் வகுப்பு எளிதில் கிடைப்பதில்லை. தலைமுறையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுக்கு உரிமைப் பத்திரம் கேட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு.

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, 13 கழிவு மேடுகளில் கிடக்கும் சுமார் 33 மில்லியன் டன் மண்ணிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அந்த மேடுகளின் ஒவ்வொரு பிடி மண்ணையும் பாட்டன்மார் வெட்டி மேலே அனுப்பினார்கள். அதில் கை வைக்கும் முன் பாலகாட் முதல் மாரிகுப்பம் வரையுள்ள குடும்பங்களுக்கு வீட்டுப் பத்திரமும், வரப்போகும் வேலையில் முதலிடமும் எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும். அடுத்த ஆகஸ்ட் 15 மேடையில் பேச வரும் அமைச்சரிடமும் அதிகாரிகளிடமும் தங்கவயல் மக்கள் இதைக் கேட்க வேண்டும்.