கூலியும் சம்பளமும்

வள்ளுவர் கூலி, ஊதியம் என்னும் இரு சொற்களையும் ஆள்கிறார். உடல் வருந்தி முயல்வதன் பயன் அவருக்குக் கூலி. ஊதியம் என்பது ஆதாயம். பிற்காலத்தில் இரண்டும் ஒரு பொருளுக்கு வந்தன. மதிப்பில் மட்டும் வேறாகவே நின்றன. எங்கள் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டும் தந்தை பெறுவது கூலி. மென்பொருள் எழுதும் மகன் பெறுவது சம்பளம். இவற்றில் நியாயமான அளவு எது?

விடுதலை பெற்ற இந்தியா இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தது. 1948-இல் நடுவணரசு அமைத்த நியாயக் கூலிக் குழு, குறைந்தபட்சக் கூலியைக் கீழெல்லையாகவும் தொழிலின் கொடுக்கும் திறனை மேலெல்லையாகவும் கொண்டு, இடைப்பட்டதே நியாயக் கூலி என்றது. கீழெல்லையை 1957-இல் 15-ஆம் இந்தியத் தொழிலாளர் மாநாடு கணக்கிட்டது: நால்வர் குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகு, அலகுக்கு நாளொன்றுக்கு 2700 கலோரி உணவு, ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள். சென்னைத் தொழிற்சாலை ஒன்றைப் பற்றிய ரெப்டகாஸ் பிரெட் வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், முதுமை முதலியவற்றுக்கென 25 விழுக்காட்டை அதனுடன் சேர்த்தது.

மென்பொருள் துறையில் இக்கோலை வைத்துப் பார்ப்போம். 2010-ஐ ஒட்டிப் பெருநிறுவனங்கள் பல, புதிதாய்ச் சேரும் பொறியாளருக்கு ஆண்டுக்கு மூன்று இலட்சத்தைச் சற்றே கடந்த தொகையைத் தந்தன. 2020-களின் தொடக்கத்திலும் அது மூன்றரை இலட்சத்தை ஒட்டியே இருந்தது. இடையில் விலைவாசி ஏறத்தாழ இருமடங்காயிற்று. அந்நிறுவனங்களின் வருவாயோ பன்மடங்காயிற்று. ஆக, புதியவரின் சம்பளத்தை முடிவு செய்தது கொடுக்கும் திறன் அன்று. வாயிலில் காத்து நின்ற பட்டதாரிகளின் வரிசையே.

தறித் தொழிலாளியின் கூலி இதனினும் குறைவு. ஆயினும் உயர்வு வேண்டின் அவர் தறியை நிறுத்துவார். உரிமையாளர், சங்கத்தார், தொழிலாளர் துறை அலுவலர் கூடிப் பேசி ஒப்பந்தம் எழுதுவர். மென்பொருளாளர் கையில் வருவதோ பிறர் எழுதி முடித்த பணியாணை. தொழிற்தகராறுச் சட்டத்திலிருந்து தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு விலக்கு இல்லை, அங்கும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016-இல் தெளிவுபடுத்தியது. அவ்வழியில் சென்றோர் மிகச் சிலரே.

கல்விக் கடன் பெற்று மகனைப் படிக்கவைத்த தறி வீடுகள் எங்கள் ஊரில் பல. கூலிக்காரன் என்னும் பெயர் மகனுக்கு வேண்டாம் என்றே அவை கடன்பட்டன. அப்பெயரோடு, கூலியைப் பேசி முடிவு செய்யும் வழக்கத்தையும் மகன் தறிக்கூடத்திலேயே விட்டுச் சென்றான். அதை அவன் மீண்டும் கற்கும்வரை அவன் சம்பளத்தை நியாயமானது என்று சொல்ல நம்மால் இயலவில்லை.