நம்பிக்கை நீங்கினும் நூல் நீங்கவில்லை

ஒரு சமுதாயத்தார் மார்க்கக் கட்டுப்பாட்டை விட்டு விலகும்போது, அம்மார்க்கத்தின் நூல்களும் சடங்குகளும் என்னவாகின்றன? வரலாறு இதற்குச் சிந்திக்கத்தக்க விடை தருகின்றது.

வணக்க வழிபாடுகளைக் கைவிட்ட யூதர் பலர் தம் நூல்களைக் கைவிட்டாரில்லை. தல்மூதிலும் மித்ராஷிலும் சிதறிக் கிடந்த கதைகளைக் கவிஞர் பியாலிக், ரவ்னித்ஸ்கி என்பாருடன் சேர்ந்து தொகுத்து, 1908 முதல் 1911 வரை வெளியிட்டார். கூட்டுப்பண்ணைகளில் வாழ்ந்தோர் பஸ்கா இரவில் ஓதும் ஹக்காதாவைத் தாமே திருத்தியெழுதி, அறுவடையையும் விடுதலையையும் அதிற் சேர்த்தனர்.

தொலைவில் தேடுவானேன்? நம் சென்னைக் கோபாலபுரத்திலேயே இதற்கு நிகரான வரலாறு உண்டு. பகுத்தறிவு இயக்கம் புராணங்களைச் சாடியது. ஆயினும் 1949இல் பெரியார் சென்னையில் திருக்குறள் மாநாடு நடத்தினார். பரிமேலழகர் வைதிக நெறி நின்று உரை கண்ட நூலை, மதச் சார்பற்ற தமிழ்மறையாக மீட்பதே நோக்கம். அவ்வழி வந்தவர், கோபாலபுரத்தில் வாழ்ந்து 2018இல் மறைந்த கலைஞர் மு. கருணாநிதி. அவர் குறளுக்கு உரையெழுதியபோது, 'கடவுள் வாழ்த்து' என்னும் தலைப்பை 'வழிபாடு' என மாற்றினார். குறட்பாக்கள் பத்தையும் அப்படியே வைத்துக்கொண்டார். அவர் எழுப்பத் தொடங்கிய வள்ளுவர் கோட்டம், 1330 குறட்பாக்களையும் கல்லில் தாங்கி, 1976இல் குடியரசுத் தலைவர் ஃபக்ருத்தீன் அலி அகமதின் கரத்தால் திறக்கப்பட்டது.

சடங்கிலும் இதுவே நிகழ்ந்தது. 1967இல் அண்ணா ஆட்சி கொணர்ந்த சட்டம், புரோகிதரின்றி உற்றார் முன்னிலையில் மாலை மாற்றிச் செய்யும் திருமணத்தை ஏற்றது. ஈஜாபு, கபூல், சாட்சிகள் என நிகாஹை ஒப்பந்தமாகவே கொண்ட நமக்கு இதன் உட்கருத்து அயலானதன்று.

இவ்வகை மீட்சியால் விளைந்த நன்மையை மறுத்தல் நேர்மையாகாது. சமயவேலி அகன்றதால் குறள் எல்லாரின் சொத்தாயிற்று. நம் பிள்ளைகளும் அதனைத் தம்முடையதாகவே ஓதுகின்றனர். எனினும் ஓர் அச்சமும் உண்டு. நூல் அடையாளச் சின்னமாகிவிட்டால், சிலை உயரும். சொல் ஒழுக்கத்தில் இறங்காது.

இங்கே நாம் நம்மையே வினவிக்கொள்ள வேண்டும். நம்பிக்கை நீங்கியோர் நூலை விடாது கற்றனர், தொகுத்தனர், உரை கண்டனர். நம்பிக்கையுடைய நாமோ, குர்ஆனைப் பட்டுறையிலிட்டு உயரத்தில் வைத்துவிட்டோம். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைப் பேரளவில் மட்டும் அறிவோம். உரிமை பேசுவோர் முதலில் நூலை விரிக்க வேண்டும். இன்றிரவே நம் இல்லங்களில் அது தொடங்கட்டும்.