இலாபமும் பொறுப்பும்

நம்மிடம் ஓதிப் பட்டம் பெற்ற மாணவர் ஒருவர் கோவை உக்கடத்தில் சிறிய துணிக்கடை தொடங்கினார். சில மாதங்கள் கழித்துச் சந்தித்தபோது, "வாங்கிய விலைக்கு மேல் சொல்ல நா எழவில்லை, ஹஜ்ரத். தெரிந்தவர்களிடம் இலாபம் வைப்பது பாவம்போல் தோன்றுகிறது" என்றார். பேணுதலில் பிறந்த கூச்சந்தான். ஆயினும் நம் முன்னோர் வரலாற்றில் அதற்கு ஆதாரமில்லை.

வெறுங்கையுடன் மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் செல்வத்தில் பாதியை அளிக்க முன்வந்தார்கள் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி). அவர்களோ துஆச் செய்துவிட்டுச் சந்தைக்கு வழி கேட்டார்கள். பனூ கைனுகா சந்தையில் பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று ஈட்டிய பொருளில் இல்லறமும் அமைத்துக்கொண்டார்கள். உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் ஓர் ஆடு வாங்கிவர ஒரு தீனாரைக் கொடுத்தனுப்பினார்கள் நபி (ஸல்) அவர்கள். அவர் அதற்கு இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, மற்றோர் ஆட்டுடன் தீனாரையும் கொணர்ந்தார். அவரது வணிகத்தில் பரக்கத் உண்டாக நபியவர்கள் துஆச் செய்தார்கள் என்பது புகாரி ஷரீஃபில் காணும் செய்தி.

இழப்பை ஏற்பவருக்கே ஆதாயம் உரியது என்பது ஃபிக்ஹுக் கலையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. வட்டிக்குக் கொடுப்பவர் நட்டத்தில் பங்கேற்பதில்லை; வணிகர் ஏற்கிறார். திருமறை (2:275) வணிகத்தை ஆகுமாக்கி வட்டியை விலக்கியதன் நுட்பத்தை இங்கு உணரலாம்.

நமது கொங்கு நாட்டிலேயே இதற்குச் சான்றுண்டு. 1925 வாக்கில் திருப்பூரில் 'பேபி நிட்டிங்' என்னும் பனியன் தொழிலகத்தைத் தொடங்கிய முன்னோடி குலாம் காதர் அவர்கள். இயந்திரத்துக்கும் நூலுக்கும் கூலிக்கும் முதலில் பணம் போக வேண்டும். சரக்கு விற்பது பிறகுதான். விற்காவிடில் நட்டம் உரிமையாளருடையது. அத்தகையோர் இலாபத்துக்குக் கூசியிருந்தால், இன்று உலகெங்கும் பின்னலாடை அனுப்பும் திருப்பூர் ஏது?

கூச வேண்டிய இடம் வேறு. கூஃபாவில் துணி வணிகம் செய்த இமாம் அபூஹனீஃபா (ரஹ், மறைவு ஹிஜ்ரி 150) அவர்களின் கூட்டாளி, குறையுள்ள துணியை அக்குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அத்தொகை முழுவதையும் தர்மம் செய்தார்கள். அவர்கள் கூசியது மறைந்துபோன குறைக்காகவே, இலாபத்துக்காக அன்று.

மாணவரிடம் நாம் சொன்னதும் இதுவே: "துணியின் குறையைச் சொல்லக் கூசாதீர், நியாயமான விலையைச் சொல்லவும் கூசாதீர்."