பழைய மின்கலங்களும் மல்லாவியின் இருண்ட ஆண்டுகளும்

வன்னிப் பெருநிலப்பரப்பில், மாங்குளத்திலிருந்து வெள்ளாங்குளம் நோக்கிச் செல்லும் வீதியில், முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய்ப் பிரிவில் அமைந்துள்ள ஊர் மல்லாவி. பாலியாற்றை மறித்துக் கட்டப்பட்ட பழைய வவுனிக்குளம் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருத்தப்பட்டதன் பின்னர், அதனைச் சூழ்ந்த காடுகள் கழனிகளாயின, குடியேற்றங்கள் எழுந்தன, மல்லாவி அவற்றின் சந்தையாகவும் பள்ளிகளின் இருப்பிடமாகவும் வளர்ந்தது. நெல்லும் குளமும் இவ்வூரின் நெடிய வரலாறு. ஆயினும் அவ்வரலாற்றின் ஒரு பகுதி, பிறர் பயனற்றதென வீசும் ஒரு சிறு பொருளோடு பிணைந்து கிடக்கின்றது. அப்பொருள் தேய்ந்த மின்கலம். ஊரார் வழக்கிற் சொன்னால், பழைய பற்றரி.

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டதன் பின், வடபகுதிக்கான மின்விநியோகம் அற்றுப்போயிற்று. அதனோடு பொருளாதாரத் தடையும் வந்தது. எரிபொருள், உரம், சீமெந்து முதலியவற்றோடு உலர்மின்கலங்களும் கொண்டுசெல்லக் கூடாத பொருள்களின் வரிசையிற் சேர்க்கப்பட்டன. வவுனியாவிற் கடையிற் கிடைத்த ஒரு சோடிப் பற்றரி, சோதனைச்சாவடியைத் தாண்டினால் தடைசெய்யப்பட்ட பண்டமாகியது. இரவில் மாணவர் படித்தது, சிறிதளவு மண்ணெண்ணெயைப் பஞ்சில் ஊறவைத்து எரித்த ஜாம் போத்தல் விளக்கின் ஒளியில்.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். அவர்களுட் பலர் கடனீரேரியைக் கடந்து வன்னியை அடைந்தனர். மறு ஆண்டில் கிளிநொச்சியும் போரின் கைப்பட, அங்கிருந்த மக்களும் மேற்கே நகர்ந்தனர். சிறியதொரு சந்தியூராக இருந்த மல்லாவி, சில மாதங்களிலேயே அலுவலகங்களும் கடைகளும் கொட்டில்களும் நெருங்கிய பேரூராயிற்று. உறவினர் ஓரிடம், பிள்ளைகள் ஓரிடம் எனச் சிதறிய அம்மக்களுக்குச் செய்தி என்பது பொழுதுபோக்கன்று. எந்த வழி திறந்திருக்கின்றது, எந்த ஊரிற் குண்டு விழுந்தது, எவ்வூரார் எங்கே தங்கியுள்ளனர் என்பவற்றை அறிவது உயிரோடு தொடர்புடைய காரியம். தொலைபேசி இல்லை, கடிதம் வந்துசேர நெடுநாளாகும். இலண்டனிலிருந்து வரும் தமிழோசையையும், மணிலாவிலிருந்து வரும் வேரித்தாஸ் வானொலியையும், கொழும்பு வானொலியையும் கேட்பதற்கு இருந்த ஒரே கருவி வானொலிப்பெட்டி. பெட்டி இருந்தது, அதற்கு உயிரூட்டப் பற்றரி இல்லை. புதியது கிடையாதபோது பழையவற்றைக் கூட்டி அடுக்கும் வழக்கம் இவ்வாறு பரவிற்று.

இவ்வடுக்குமுறைக்கு 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ‘பற்றரி’ என்னும் சொல்லே போர்க்களத்திற் பிறந்தது. ஒரே இலக்கை நோக்கி வரிசையாக நிறுத்தப்பட்ட பீரங்கிகளுக்கு ஆங்கிலேயர் வழங்கிய பெயர் அது. 1749 ஆம் ஆண்டில் பெஞ்சமின் பிராங்கிளின், ஈயத்தகடு ஒட்டிய 11 கண்ணாடிப் பலகைகளை ஒன்றுசேர்த்து மின்னேற்றம் சேமித்தபோது, அத்தொகுதிக்கு அப்பெயரையே இட்டார். ஒன்றாற் செய்ய இயலாததைப் பல கூடிச் செய்யும் என்பதே அப்பெயரின் கருத்து.

இத்தாலிய அறிஞரான வோல்ற்றா, 1800 ஆம் ஆண்டு மார்ச் 20 ஆம் நாள் இலண்டன் வேத்தியற் கழகத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். வெள்ளித்தகடு, நாகத்தகடு, உப்புநீரில் நனைத்த மட்டை ஆகியவற்றை அம்முறையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், ஓயாத மின்னோட்டம் கிடைக்கும் என்று அதில் அறிவித்தார். ஒரு சோடித் தகடுகளின் ஆற்றல் மிக மெல்லியது. 30, 40, 60 எனச் சோடிகளை அடுக்கிய தூணைத் தொட்டவர் கையிற் சுரீரென்ற அதிர்ச்சி எழுந்தது. ஒரு கலத்தின் நேர்முனையை அடுத்த கலத்தின் மறைமுனையோடு சேர்த்துக் கோத்துச் செல்லும் தொடரிணைப்பு உலகறிய வந்தது இவ்வாறே.

இதற்கு மாறான முறையும் விரைவிற் பிறந்தது. அமெரிக்க அறிஞர் றொபேட் ஹெயர், பெரிய நாகத்தகடுகள் அனைத்தையும் ஒரு பக்கமாகவும் செப்புத்தகடுகள் அனைத்தையும் மறுபக்கமாகவும் இணைத்துத் தாம் செய்த கருவியை 1819 ஆம் ஆண்டில் விளக்கினார். அக்கருவி தொட்டவரைப் பெரிதும் உலுக்கவில்லை. ஆனால் உலோகக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிற்று. நேர்முனைகளை எல்லாம் ஒன்றாகவும் மறைமுனைகளை எல்லாம் ஒன்றாகவும் சேர்க்கும் சமாந்தர இணைப்பின் இயல்பு அது. தொடரிணைப்பில் அழுத்தம் கூடும். சமாந்தர இணைப்பில் ஓட்டத்தைத் தாங்கும் வலிமை கூடும். உயரத்தில் வைத்த தொட்டியையும் அகலமான தொட்டியையும் ஒப்பிட்டால் இவ்வேற்றுமை விளங்கும். முன்னது நீரை விசையோடு தள்ளும். பின்னது நெடுநேரம் வழங்கும். இவ்விரண்டிற்கும் உரிய கணக்கை 1827 ஆம் ஆண்டில் யேர்மனியரான ஓம் வகுத்தார். தந்திக் கம்பி நீள நீள அதன் தடை மிகுமாதலால், தந்தி நிலையங்கள் கலங்களைத் தொடராகவே அடுக்கின. 1858 ஆம் ஆண்டு கொழும்பையும் காலியையும் தந்தி இணைத்தபோது இவ்வறிவு இலங்கைக்கும் பயன் தந்தது.

1866 ஆம் ஆண்டில் பிரான்சியரான லெக்லாஞ்சே, நாகம், காபன், மங்கனீசீரொட்சைட்டு, அமோனியம் குளோரைட்டுக் கரைசல் ஆகியவற்றாற் கலமொன்றை ஆக்கினார். 1886 ஆம் ஆண்டில் யேர்மனியரான காஸ்னர், கரைசலைப் பசையாக்கி, நாகத்தையே குவளையாக்கி, கவிழ்த்தாலும் சிந்தாத உலர்மின்கலத்தை அமைத்தார். கைவிளக்கும் கிராமத்து வானொலியும் அக்குவளையின் வழித்தோன்றல்களே. மின்சாரம் எட்டாத ஊர்களில் ஒருகாலத்தில் இயங்கிய வால்வு வானொலிகளின் பற்றரிப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தவர், இரு முறைகளையும் ஒருங்கே காணலாம். வால்வின் இழையைச் சூடேற்ற 1.5 உவோற்றுப் பெருங்கலங்கள் சில சமாந்தரமாக இணைந்திருக்கும். 90 உவோற்று அழுத்தம் வேண்டிய பகுதிக்குச் சிறுகலங்கள் 60 தொடராகக் கோக்கப்பட்டிருக்கும். பின்னர் வந்த திரான்சிஸ்ரர் வானொலி இத்தேவையை நான்கு சிறு கலங்களுக்குக் குறைத்தது. அந்நான்கும் கிடையாத காலம் ஒன்று வரும் என்று அதனை ஆக்கியோர் எண்ணியிருக்கமாட்டார்.

இனி மல்லாவிக்கு மீள்வோம். ரோச் விளக்கின் குமிழ் ஏறக்குறைய 0.3 அம்பியர் ஓட்டத்தை வேண்டும். மெல்லிய ஒலியிற் பாடும் சிறு வானொலிக்கு அதிற் பத்திலொரு பங்களவே போதும். ஆகவே, ரோச்சுக்கு உதவாதெனக் கழித்த பற்றரி வானொலிக்கு உதவும். புதிய கலம் ஒன்றின் அழுத்தம் 1.5 உவோற்று, நான்கு சேர்ந்து 6 உவோற்று. தேய்ந்த கலத்தில் அது 1 உவோற்றளவிற்கு இறங்கிவிட்டதெனக் கொள்வோம். நான்கு கலங்கள் 4 உவோற்றையே தரும், பெட்டி வாய்திறவாது. ஆறு கலங்களைக் கடதாசியிற் சுருட்டி வரிசையாக இறுக்கி, இரு முனைகளிலிருந்தும் கம்பி இழுத்துப் பெட்டியோடு சேர்த்தால் 6 உவோற்று மீண்டும் கிடைக்கும்.

ஆயினும் ஒலி சிறிது எழுந்து, பின் கம்மிப்போவதுண்டு. தேய்ந்த கலத்தின் அகத்தடை மிகுவதே அதன் காரணம். கலமொன்றின் தடை 3 ஓம் எனின், ஆறு கலங்களுக்கு 18 ஓம், பெட்டி 0.05 அம்பியர் இழுக்கும்போது 0.9 உவோற்றுக் கலங்களுக்குள்ளேயே வீணாகும். அத்தகைய இன்னொரு வரிசையைச் சமாந்தரமாகச் சேர்த்தால் தடை 9 ஓமாகப் பாதிப்படும், வீணாவதும் 0.45 உவோற்றாகக் குறையும். ஒவ்வொரு வரிசையும் பாதிச் சுமையையே தாங்கும். கணக்கை அறியாதவரும் காதால் அறிந்தனர். ஒலி மெலிந்தால் வரிசையை நீட்டினர். சற்று நேரத்தில் தளர்ந்தால் இரண்டாவது வரிசையைச் சேர்த்தனர்.

இவ்வடுக்கிற்குச் சில கண்டிப்பான விதிகள் உண்டு. ஆறிலொன்று தலைமாறி நின்றால், அது தன் ஓர் உவோற்றைத் தராததோடு மற்றொன்றினதையும் அழித்துவிடும். எஞ்சுவது 4 உவோற்றே. முற்றாகச் செத்த கலம் ஒன்று தொடரில் இருந்தால், நல்ல கலங்களின் ஓட்டத்தையும் அது தடுக்கும். அதன் நாகக்குவளை அரித்துப் பசை ஒழுகிப் பெட்டியைக் கெடுக்கும். அழுத்தத்தில் ஒவ்வாத இரு வரிசைகளைச் சமாந்தரமாகச் சேர்த்தால், வலிய வரிசை மெலிய வரிசைக்குள் ஓட்டத்தைச் செலுத்தித் தானும் வீணாய்த் தேயும். ஆதலாற் கலங்களைத் தேர்ந்து, ஒத்தவற்றோடு ஒத்தவற்றைச் சேர்ப்பதே முறை.

கலத்தின் ஆயுளை மேலும் நீட்டவும் முயன்றனர். உலர்மின்கலம் பெயரளவிலேயே உலர்ந்தது. உள்ளிருக்கும் பசையின் ஈரம் வற்றினால் அதன் தொழில் நின்றுவிடும். எனவே, ஆணியாற் சிறு துளையிட்டு உப்புநீர் ஊட்டினர்; வெயிலில் வைத்துச் சூடேற்றினர். இளஞ்சூட்டில் இரசாயன மாற்றம் விரைவதாற் சிறிது நேரம் பயன் கிடைத்தது. நெருப்பிலிட்டாற் கலம் வெடிக்கும். ஆதலால் அது செய்யத்தகாதது. பற்றரி அறவே இல்லாதபோது, துவிச்சக்கர வண்டியைத் தாங்கியில் நிறுத்தி ஒருவர் மிதிக்க, தைனமோவின் ஆடலோட்டத்தை இருவாயிகளால் ஒருதிசைப்படுத்தி, ஏனையோர் சூழ்ந்திருந்து செய்தி கேட்டனர். மிதிப்பவர் களைத்தாற் செய்தியும் தளரும்.

2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தோடு தடைகள் தளர்ந்து, கடைகளிற் புதிய பற்றரிகள் தோன்றின. 2008 ஆம் ஆண்டில் மல்லாவி மக்களே கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். 2009 ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிந்து, அவ்வாண்டின் பிற்பகுதி தொடக்கம் அவர்கள் மீளக் குடியமர்ந்தனர். பின்னர் மின்கம்பங்களும் வந்தன. இன்று சூரியத்தகட்டோடு ஈய அமில மின்கலவடுக்குகளை இணைப்போருக்கும் பழைய விதிகளே துணை. 12 உவோற்று, 40 அம்பியர்மணி உடைய இரண்டினைத் தொடராக்கினால் 24 உவோற்றும் 40 அம்பியர்மணியும் கிடைக்கும். சமாந்தரமாக்கினால் 12 உவோற்றும் 80 அம்பியர்மணியும் கிடைக்கும். எவ்வகையாயினும் ஆற்றல் 960 உவாற்றுமணியே. இணைப்பு ஆற்றலைப் படைப்பதில்லை. உள்ளதைத் தேவைக்கேற்ப ஒழுங்குசெய்கின்றது.

இவ்வுண்மை மல்லாவியின் அக்காலத்திற்கும் பொருந்தும். பழைய பற்றரிகளை அடுக்கியோரின் கூர்மை போற்றத்தக்கது. அதனைப் போற்றுமிடத்து, அவர்களை அந்நிலைக்குத் தள்ளிய இல்லாமையை மறத்தல் தகாது. ஒரு சோடிப் பற்றரி தடைப்பொருளாகாதிருந்தால், அக்கூர்மை வேறு நல்ல காரியங்களுக்குப் பயன்பட்டிருக்கும். இன்று பள்ளி ஆய்வுகூடத்தில் தொடரிணைப்பையும் சமாந்தர இணைப்பையும் வரைந்து புள்ளி பெறும் சிறார், தம் பாட்டனாரும் பாட்டியாரும் அப்பாடத்தை எங்கே, எதன்பொருட்டுக் கற்றனர் என்பதையும் வீட்டிற் கேட்டறிதல் வேண்டும். அதனை நேரிற் கண்டு சொல்லவல்லோர் இன்னும் அவ்வூரில் வாழ்கின்றனர்.