சோல்–சனாக் வறட்சியும் ரொக்க நிவாரணமும்: சோமாலியாவின் ஹார்ன் ரிலீஃப் அமைப்பு

ஹார்ன் ரிலீஃப் என்னும் தொண்டமைப்பு 1991-இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு சனவரியில் சர்வாதிகாரி சியாத் பர்ரேயின் ஆட்சி தலைநகர் மொகதிசுவில் வீழ்ந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சோமாலியாவில் நாடு முழுவதற்கும் வரி தண்டவோ, துறைமுகங்களை ஆளவோ, காட்டைக் காக்கவோ வல்ல ஒரு நடுவண் அரசு இருக்கவில்லை. அமைப்பை நிறுவியவர் பாத்திமா ஜிப்ரீல். வடக்கே சனாக் பகுதியின் மேய்ச்சல் குடும்பமொன்றில் 1947-இல் பிறந்தவர். 2012-இல் அமைப்பு அடேசோ எனப் பெயர் மாறியது; அதற்குள் அவருடைய மகள் டேகன் அலி தலைமைப் பொறுப்பில் இருந்தார்.

உள்ளூர் அமைப்புகளைப் பற்றிய எழுத்துகள் அவற்றின் வெற்றிக்கு மக்களோடு உள்ள நெருக்கத்தைக் காரணமாகச் சொல்வது வழக்கம். நெருக்கம் உண்மைதான். ஆனால் சோமாலியாவில் அது அரிதான பொருள் அன்று; குலத் தலைவருக்கும் உண்டு, ஆயுதக் குழுத் தலைவருக்கும் உண்டு. ஹார்ன் ரிலீஃபை வேறுபடுத்திக் காட்டுவது, வறட்சியை அது புரிந்துகொண்ட விதம். மழை பொய்ப்பது இயற்கை. மழை பொய்த்தபின் யார் சாகிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது சந்தை. இந்தப் புரிதலிலிருந்தே அதன் இரு பெரிய பணிகளும் பிறந்தன. ஒன்று மரக்கரி ஏற்றுமதிக்கு எதிரான இயக்கம். மற்றது உணவு மூட்டைக்கு மாற்றாகப் பணத்தைக் கையில் கொடுத்த நிவாரணம்.

சோமாலிய மேய்ச்சல் வாழ்வு இரு மழைக்காலங்களை நம்பியது. ஏப்ரல் முதல் சூன் வரை ‘கு’ மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை ‘டெயர்’ மழை. சனவரி முதல் மார்ச் வரையான ‘ஜிலால்’ கடும் வறட்காலம். புல் காய்ந்துபோகும் அந்த மாதங்களில் ஒட்டகமும் ஆடும் வேலமரங்களின் தழையையும் காயையும் தின்றே உயிர் பிடிக்கின்றன. அம்மரங்களுள் முதன்மையானது ‘கலோல்’ எனப்படும் வேல இனம். கூடாரத்துக்குக் கழி, கயிற்றுக்கு நார், வெயிலுக்கு நிழல் எல்லாம் அதிலிருந்து கிடைக்கும். அதன் வைரம் பாய்ந்த கட்டையை எரித்தால் நல்ல கரி கிடைக்கும் என்பதே அதற்கு வினையாயிற்று. அரசு இல்லாமற்போன 1990-களில், வளைகுடா நாடுகளின் அடுப்புகளுக்காகச் சோமாலியக் காடுகள் மூட்டம் போட்டு எரிக்கப்பட்டன. தங்கள் மண்ணில் மரம் வெட்டக் கட்டுப்பாடு விதித்த நாடுகள் சோமாலியக் கரியைத் தடையின்றி வாங்கின.

வறட்சியும் மோதலும் ஒன்றையொன்று வளர்ப்பதைக் கரித் தொழிலில் தெளிவாகக் காணலாம். மந்தையை இழந்த இளைஞன் கோடரியை எடுக்கிறான். அவன் வெட்டிய நிலத்தில் அடுத்த மழையின் நீர் நிற்காமல் மண்ணை அரித்துக்கொண்டு ஓடுகிறது. புல் முளைக்காத அந்நிலம் இன்னொரு குடும்பத்தின் மந்தையைக் கொல்கிறது. லாரிகள் போகும் வழியெல்லாம் துப்பாக்கி ஏந்தியவர்கள் சுங்கம் வாங்குகிறார்கள். மரம் யாருடையது என்ற சண்டை குலச் சண்டையாகிறது. ஜிப்ரீலும் அவருடைய குழுவினரும் இதைச் சுற்றுச்சூழல் பிரச்சினையாக மட்டும் பேசாமல் அமைதிப் பிரச்சினையாகவும் பேசினார்கள். இளைஞர்களைப் பயிற்றுவித்துப் பரப்புரைக்கு அனுப்பினார்கள். அமைதி நடைப்பயணம் நடத்தினார்கள். கூடாரமும் கருவிகளும் ஒட்டகங்களின் மேல் ஏற்றப்பட்டு, இளைஞர் குழுக்கள் மூன்று வாரம் மேய்ப்பர்களின் தடங்களிலேயே நடந்து, மேய்ச்சல் நில மேலாண்மை, கால்நடை நலம், மனித நலம், சமாதானம் ஆகியவற்றைப் பேசின. ஓரிடத்தில் தங்காத மக்களுக்கு ஓரிடத்தில் பள்ளி கட்டிப் பயனில்லை என்ற எளிய உண்மையைப் பல பெரிய திட்டங்கள் இன்றுவரை ஏற்கவில்லை.

2000-இல் வடகிழக்கின் தன்னாட்சிப் பகுதியான புண்ட்லாந்தின் நிருவாகம் போசாசோ துறைமுகம் வழியான கரி ஏற்றுமதியைத் தடை செய்தது. அதற்கு இவ்வியக்கம் முக்கியக் காரணம். 2002-இல் ஜிப்ரீலுக்குக் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. தடையின் வரம்பையும் சொல்லவேண்டும். போசாசோவில் அடைபட்ட வணிகம் நாட்டின் தெற்கே தொடர்ந்து செழித்தது. கிஸ்மாயோ துறைமுகம் அதன் பெருவாயிலாயிற்று. பின்னர் இஸ்லாமிய ஆயுத இயக்கமான அல்-ஷபாபுக்கு அதுவே பெரும் வருவாய் வழியானது. ஐ.நா. பாதுகாப்பு அவை 2012 பிப்ரவரியில் 2036-ஆம் தீர்மானத்தின் வழியாகச் சோமாலியக் கரி ஏற்றுமதியைத் தடைசெய்தது. புண்ட்லாந்தில் ஒரு சிறிய அமைப்பு தூண்டிய நடவடிக்கையை உலக அமைப்பு எடுக்கப் பன்னிரண்டு ஆண்டு பிடித்தது. உள்ளூர் அடுப்புகளுக்கான கரித் தேவையோ தடையால் தீர்வதன்று. சூரிய அடுப்புகளை அறிமுகம் செய்து அமைப்பு அதற்கு ஓரளவு ஈடு செய்ய முயன்றது; மரமிழந்த நிலத்திலோ அரிப்போடைகளின் குறுக்கே கல்லணைகள் அடுக்கி நீரை நிறுத்தியது.

இரண்டாவது பணியின் களம் சோல், சனாக் பகுதிகள். தனி நாடாகத் தன்னை அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்தும் புண்ட்லாந்தும் தத்தமக்கே உரியது என்று கோரிய நிலப்பரப்பு அது. எனவே பன்னாட்டு அமைப்புகள் அங்கே தயங்கித் தயங்கியே நுழைந்தன. 2000 செப்டம்பரில் கால்நடைக் காய்ச்சலைக் காரணம் காட்டிச் சவூதி அரேபியா ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதியின் கால்நடைகளுக்குத் தடை விதித்தது. அதையடுத்து மழை ஆண்டுக்கணக்கில் பொய்த்தது. 2003 முடிவில் மந்தைகளின் பெரும்பகுதி அழிந்திருந்தது.

இங்கே கவனிக்கவேண்டியது, கடைகளில் அரிசியும் மாவும் சர்க்கரையும் இருந்தன என்பது. பெர்பெரா, போசாசோ துறைமுகங்களிலிருந்து சரக்கு வந்துகொண்டிருந்தது. இல்லாமற்போனது வாங்கும் சக்தி. மேய்ப்பர் ஆட்டை விற்றுத் தானியம் வாங்குபவர். வறட்சியில் ஆட்டின் விலை விழுகிறது, தானியத்தின் விலை ஏறுகிறது. பஞ்சம் உணவு குறைவதால் மட்டுமின்றி, உணவைப் பெறும் உரிமை குலைவதாலும் வருகிறது என்று அமர்த்தியா சென் 1981-இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளுள் எத்தியோப்பியாவின் ஹரர்கே மாகாணத்துச் சோமாலிய மேய்ப்பரும் அடங்குவர். சோல் பீடபூமியில் அக்கோட்பாட்டுக்கு ஒரு கூடுதல் அடுக்கும் இருந்தது: பற்று. மேய்ப்பர் குடும்பங்கள் ஊர்க் கடைக்காரரிடம் பற்று எழுதியே உணவு வாங்கின. தண்ணீர் லாரிக்காரருக்கும் கடன் சொல்லியே தொட்டியை நிரப்பின. மழை பெய்து மந்தை பெருகியதும் கணக்கைத் தீர்ப்பது மரபு. நான்காம் ஆண்டும் மழை இல்லையென்றானபோது கடைக்காரர் தாம் சரக்கெடுத்த பெருவணிகருக்குக் கடனாளியாகி, மேலும் பற்றுக் கொடுக்க முடியாமல் கையை விரித்தார். குடும்பங்களின் நெருக்கடி பட்டினியாக முற்றியது அந்தக் கட்டத்தில்தான்.

ஹார்ன் ரிலீஃபும் நார்வே மக்கள் உதவி அமைப்பும் சேர்ந்து 2003–04-இல் நடத்திய அவசர ரொக்க நிவாரணத் திட்டம் பற்று முறிந்த இந்த இடத்தைக் குறிவைத்தது. 13,830 குடும்பங்களுக்கு ஒருமுறை தலா 50 டாலர். மொத்தம் 6,91,500 டாலர். பெரிய தொகை அன்று. ஆனால் சோமாலியாவில் அந்த அளவில் நடந்த முதல் ரொக்க நிவாரணம் அது. பயனாளிகளைத் தேர்ந்தெடுப்பதில் ஊர்க்குழுக்கள் பங்கேற்றன. பணத்தைக் கொண்டுசேர்க்கச் சோமாலியர் ‘ஹவாலாத்’ என அழைக்கும் பணப்பரிமாற்றத் தொழில் பயன்பட்டது. ஈழத் தமிழர் ‘உண்டியல்’ என்று அறிந்துள்ள முறையின் உடன்பிறப்பு இது. வங்கி இல்லாத நாட்டில் வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பும் பணம் இதன் வழியாகவே மேய்ச்சல் ஊர்வரை போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

பணம் எங்கே போயிற்று என்பதுதான் திட்டத்தின் பெரிய பாடம். உணவுக்கும் நீருக்கும் அடுத்து, பெரும்பங்கு கடன் அடைக்கப் போனது. உதவி என்றால் வாயில் விழும் கவளம் என்று எண்ணுபவருக்கு இது வீண்செலவாகத் தோன்றும். உண்மையில் கடன் அடைத்த குடும்பத்துக்கு மீண்டும் பற்றுக் கணக்குத் திறந்தது. கடைக்காரரால் மீண்டும் சரக்கெடுக்க முடிந்தது. 50 டாலர் தீர்ந்த பிறகும் அதன் பயன் தீரவில்லை. உணவு மூட்டை இதைச் செய்யாது. இலவச மூட்டை வந்து இறங்கினால் கடைக்காரரின் வணிகம் குன்றும், மேய்ப்பருக்குக் கடன் கொடுக்கும் ஒரே ஆளும் நொடிப்பார். முதல் பணியில் அமைப்பு ஒரு சந்தையை அடைக்கப் போராடியது. இரண்டாவதில் அடைபட்டிருந்த சந்தையைத் திறந்தது.

ரொக்கத்துக்கு எதிராக அன்று சொல்லப்பட்ட காரணங்கள் பல. ஆண்கள் போதை தரும் காட் தழையை மென்று தீர்ப்பார்கள், பணம் ஆயுதமாகும், விலை ஏறும், வழியில் கொள்ளை போகும். இவற்றுள் விலையேற்றம் பற்றியது மட்டுமே ஆராயத்தக்க பொருளியல் கேள்வி. சரக்கு வரும் வழி திறந்திருக்கும்வரை ரொக்கம் விலையைப் பெரிதாக ஏற்றுவதில்லை என்பது பின்வந்த திட்டங்களிலும் தெரிந்தது. மற்றவை மக்களை நம்பாமையின் வெவ்வேறு வடிவங்கள். கொள்ளை ஆபத்து உணவு லாரிக்கும் உண்டு. 1991–92 பஞ்சத்தில் ஆயுதக் குழுக்கள் பிழைத்ததே நிவாரண உணவைப் பறித்துத்தான். பணத்தைக் கொண்டுபோகும் வணிகருக்கோ தம் பெயரைக் காப்பது தொழில். ஆயினும் 2001 நவம்பரில் அமெரிக்கா சோமாலியாவின் மிகப் பெரிய பரிமாற்ற நிறுவனமான அல்-பரகாத்தைப் பயங்கரவாதக் குற்றச்சாட்டில் முடக்கியிருந்தது. அதற்கு இரண்டே ஆண்டுக்குப் பின் அதே வகை வலையமைப்பின்மேல் நிவாரணத்தைக் கட்டுவதற்குத் துணிவு வேண்டியிருந்தது.

2011-இல் இந்த அனுபவம் தெற்குச் சோமாலியாவில் தேவைப்பட்டது. உலக உணவுத் திட்டம் 2010 சனவரியில் தென்பகுதியின் பெரும்பரப்பிலிருந்து விலகியிருந்தது. அல்-ஷபாப் பல அமைப்புகளை விரட்டியது. அமெரிக்காவின் பயங்கரவாதத் தடைச் சட்டங்கள் உதவி நிதியைச் சுருக்கின. சூலை 20-இல் தெற்கு பகூலிலும் கீழ் ஷபெல்லேயிலும் பஞ்சம் அறிவிக்கப்பட்டபோது உணவு லாரிகளை அனுப்ப வழியில்லை. அதனால் ரொக்கம் ஏற்கப்பட்டது. வாதத்தில் வென்றதால் அன்று, வேறு வழி அற்றுப்போனதால். சுமார் 15 இலட்சம் பேரை அது எட்டியது. காலம் கடந்தே எட்டியது என்பதும் உண்மை: கூடுதல் மரணங்கள் 2011 மே முதல் ஆகஸ்ட் வரை மாதத்துக்கு 30,000 என்ற அளவில் உச்சத்தில் இருந்தன, பெருமளவு ரொக்கம் அதற்குப் பின்னரே வந்தது. 2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல் வரை இறந்தோர் ஏறத்தாழ 2,58,000 என்று 2013-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள்.

வழி காட்டியவர்களுக்கு நிதி வந்ததா என்பது வேறு கதை. 2016 மே மாதம் இஸ்தான்புல்லில் கூடிய உலக மனிதநேய உச்சிமாநாட்டில் கொடையாளர்களும் பெரும் அமைப்புகளும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர்: 2020-க்குள் நிதியின் 25 சதவீதம் கூடியவரை நேரடியாக உள்ளூர் அமைப்புகளுக்குப் போகும். அன்று உலக மனிதநேய நிதியில் உள்ளூர்த் தொண்டமைப்புகள் நேரடியாகப் பெற்றது ஒரு சதவீதத்துக்கும் கீழ். அவ்வாண்டே டேகன் அலியின் முன்முயற்சியில் தென்னுலக அமைப்புகளின் ‘நியர்’ கூட்டணி தொடங்கியது. 25 சதவீத இலக்கு எட்டப்படவில்லை. உள்ளூர் அமைப்பு துணை ஒப்பந்தக்காரராகவே பெரும்பாலும் வைக்கப்படுகிறது. ஆபத்தான சாலை அதற்கு, நிருவாகச் செலவுக்கான பங்கு மேலே இருப்பவருக்கு.

ஆனால் ‘உள்ளூர்’ என்பதையும் ஒரே பொருளாகக் கொள்வது பிழை. சனாக்கில் குல உறவும் புலம்பெயர்ந்தோர் பணமும் ஊர்க்குழுவைத் தாங்கி நிற்கின்றன. ஜூபா, ஷபெல்லே ஆற்றங்கரைகளில் பயிர் செய்யும் பான்டு மக்களுக்கும், இடைப்பட்ட நிலத்தில் உழுதும் மேய்த்தும் வாழும் திகில்-மிரிஃப்ளே குலங்களுக்கும் அத்தகைய துணை குறைவு. 1992-இலும் 2011-இலும் அதிகம் இறந்தவர்கள் அவர்களே. வெளிநாட்டில் உறவினர் இல்லாதவருக்குப் பரிமாற்றக் கடையின் வாசல் பழக்கமற்றது. மொகதிசுவில் உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் தங்கும் முகாம்களில் நிலத்தைப் பிடித்துவைத்திருக்கும் உள்ளூர் வாசல்காப்போர் உதவியில் பங்கு பிடுங்குவது நெடுநாள் குறை, அவர்களும் ‘உள்ளூர்’தான். இந்த ஆபத்துக்கு வேறொரு விடை மருத்துவர் ஹவா அப்தியின் குடியிருப்பு. 1983-இல் அஃப்கோயே சாலையில் தம் நிலத்தில் அவர் தொடங்கிய மகப்பேற்று மருத்துவமனையைச் சுற்றிப் பின்னாளில் சுமார் 90,000 பேர் அடைக்கலம் புகுந்தனர். குலத்தைப் பேசக்கூடாது, மனைவியை அடிக்கக்கூடாது என்பவை அங்கே நிபந்தனைகள். 2010 மே மாதத்தில் ஹிஸ்புல் இஸ்லாம் ஆயுததாரிகள் புகுந்து அவரைச் சிறைவைத்தபோதும் அவர் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. எனினும் அவ்வழி ஒரு நிலத்தையும் ஒரு தனிமனிதரையும் சார்ந்தது. நாடெங்கும் பரப்பத்தக்கது அன்று.

2020 முடிவிலிருந்து ஐந்து மழைக்காலங்கள் தொடர்ந்து பொய்த்தன. பஞ்சம் அறிவிக்கப்படாமலே 2022-இல் மட்டும் ஏறத்தாழ 43,000 கூடுதல் மரணங்கள் நேர்ந்திருக்கலாம் என ஆய்வாளர் மதிப்பிட்டனர். அதற்குள் ரொக்க நிவாரணம் கைப்பேசிப் பணமாக மாறி, நிவாரணத்தின் வழக்கமான வடிவங்களுள் ஒன்றாகியிருந்தது. உலக வங்கியின் நிதியில் அரசு தொடங்கிய ‘பஹ்னானோ’ உதவித்தொகைத் திட்டம்கூட அவ்வழியிலேயே சென்றது; அதன் வழங்கலும் உலக உணவுத் திட்டத்தின் கையில் தொடங்கியது. 2003-இல் சோல் ஊர்களில் யாருக்குப் பணம் என்ற கேள்வியில் ஊர்க்குழுக்களுக்குச் சொல் இருந்தது. இன்று கைரேகையோடு கூடிய பயனாளிப் பதிவேடு பெரும்பாலும் பன்னாட்டு அமைப்புகளின் கணினிகளில் இருக்கிறது. அப்பதிவேட்டை வைத்திருப்பவரே திட்டத்தை நடத்துபவராகக் கருதப்படுவதால், நிதியும் அவரிடமே போகிறது.